நோய்க்குள் இருக்கும் வினை

தமிழில் 'பால்வினை நோய்' என்கிறோம். உடலுறவால் தொற்றும் நோய் என்பதற்கு யாரோ அக்கறையோடு செய்த கலைச்சொல் அது. எனக்கு அதில் இடிப்பது நடுவில் இருக்கும் 'வினை'. தமிழ்க் காதுக்கு வினை என்றால் வெறும் செயல் மட்டுமில்லை. முன்வினை, தீவினை, வினைப்பயன் எல்லாம் அதன் பின்னால் வரிசை கட்டி நிற்கின்றன. 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒருவனிடம் டாக்டர் "உங்களுக்குப் பால்வினை நோய் இருக்கு" என்றால், அவன் காதில் விழுவது நோயின் பெயர் மட்டுமா? தீர்ப்பும் சேர்ந்தே விழுகிறது.

பழைய பெயர்களும் இப்படித்தான் ஏதாவது ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தன. வெட்டை, மேகநோய், பறங்கிப்புண். கடைசியாகச் சொன்னது சிபிலிஸ். பறங்கியர் கப்பலில் வந்த புண் என்பது அந்தப் பெயரின் கதை. ஐரோப்பாவிலும் இதேதான். 1490களின் நடுவில் நேப்பிள்ஸில் அந்த நோய் வெடித்தபோது இத்தாலியர்கள் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ரஷ்யர்களுக்கு அது போலந்து நோய், துருக்கியருக்குக் கிறிஸ்தவ நோய். யாருமே தன் ஊர்ப் பெயரை வைக்கவில்லை. இன்று நாங்கள் பேராக்கில் "அந்தச் சீக்கு" என்று குரலைத் தாழ்த்துகிறோம், அல்லது 'எஸ்.டி.டி.' என்ற மூன்று எழுத்துக்குள் ஒளிந்துகொள்கிறோம்.

ஒரு நோய் ஒருவரின் ஒழுக்கத்தைப் பற்றி எதையாவது சொல்லுமா என்பதுதான் என் கேள்வி. சொல்லும் என்று நம்புவதற்கு நமக்கு நல்ல பயிற்சி கிடைத்திருக்கிறது. 1954இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பும் மோகனசுந்தரம் காந்தாவின் பின்னால் போய்ச் சொத்தை இழக்கிறான், பிறகு குஷ்டம் வருகிறது. தோட்டத் திடலில் திரை கட்டி அந்தப் படத்தைப் பார்த்த தலைமுறையிடம் கேட்டால், எம்.ஆர்.ராதாவின் குரலை இன்றைக்கும் பேசிக் காட்டுவார்கள். படம் சமூகத்தைக் கிழித்துப் போட்ட படம், மறுக்கவில்லை. ஆனால் குஷ்டம் உடலுறவால் வரும் நோயே கிடையாது. அது பெரும்பாலும் நீண்ட நாள் நெருங்கிப் பழகுவதால், சுவாசத்தின் வழியே பரவும் ஒரு பாக்டீரியா. வேசியிடம் போனவனுக்குக் குஷ்டம் என்ற கணக்கு கதையில் மட்டுமே சரியாக வரும். அதே காலத்தில் இந்த நாட்டில், 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பில், எந்த வினையும் செய்யாத சின்னப் பிள்ளைகள்கூடக் குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

கிருமியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. உடலுறவால் தொற்றும் கிருமிகளில் எட்டு முக்கியமானவை. சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, டிரைக்கோமோனியாசிஸ் நான்கையும் மருந்தால் முழுமையாகக் குணப்படுத்தலாம். ஹெப்படைட்டிஸ் பி, ஹெர்பீஸ், எச்.ஐ.வி., எச்.பி.வி. நான்கும் வைரஸ்கள். இவற்றைக் கட்டுப்படுத்தலாம், சிலவற்றைத் தடுப்பூசியால் வராமலே தடுக்கலாம். முதல் நான்கு மட்டும் உலகத்தில் ஒவ்வொரு நாளும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய தொற்றுகளை உண்டாக்குகின்றன என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதில் பெரும்பாலானவற்றுக்கு வெளியே தெரியும் அறிகுறியே இருக்காது. தண்டனை என்றால் தண்டிக்கப்பட்டவனுக்காவது அது தெரிய வேண்டாமா?

சிபிலிஸின் நடத்தையைப் பாருங்கள். முதலில் ஒரு புண். வலிக்காது. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஆள் நிம்மதியாகிவிடுவான். பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும்கூடத் தடிப்புகள் வரும், அதுவும் போய்விடும். அதன்பின் பல வருடம் சத்தமே இல்லாமல் உள்ளே இருந்து, சிலருக்கு இதயத்தையும் மூளையையும் பிடிக்கும். 1943இலிருந்து இதற்குப் பெனிசிலின் இருக்கிறது. ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் ஒரே ஊசி வேளையோடு முடிந்துவிடும்.

ஆரம்பத்தில் கண்டுபிடிக்க விடாமல் நம் வீட்டு வைத்தியமும் உதவி செய்கிறது. ஆணுக்குச் சிறுநீர் போகையில் எரிச்சல் என்றால் "உடம்பு சூடு பிடிச்சிருக்கு, இளநி குடி" என்பார்கள். பெண்ணுக்கு வெள்ளைப்பட்டாலும் சூடுதான், வெந்தயம் ஊற வைப்பார்கள். பல நேரம் அது உண்மையிலேயே சாதாரண விஷயமாகவும் இருக்கும். கொனோரியாவாக இருந்தால்? இளநீர் குடித்து ஒரு வாரத்தில் எரிச்சல் குறைந்த மாதிரி இருக்கும், கிருமி அப்படியே இருக்கும், அடுத்தவருக்குப் போகும். 'சூடு' என்ற சொல் யாரையும் குற்றவாளி ஆக்காது. அதனால்தான் அது இவ்வளவு வசதியாக இருக்கிறது. ஒரு பக்கம் வினை என்ற கடுமையான விளக்கம், இன்னொரு பக்கம் சூடு என்ற மென்மையான விளக்கம். நடுவில் இருக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கு இடமே இல்லை.

கிளமிடியா இன்னும் மோசம். பெரும்பாலான பெண்களுக்கு எதுவும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய்களில் தழும்பு விழுந்து குழந்தை இல்லாமல் போகலாம். அப்புறம் நம் வீடுகளில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோயில் கோயிலாக நேர்த்திக்கடன், மாமியார் வீட்டில் ஜாடைப் பேச்சு, ஜாதகத்தில் தோஷம். கிருமியைக் கொண்டு வந்தவர் கணவராகவே இருக்கலாம். அவருக்கும் தெரிந்திருக்காது. பழி மட்டும் தவறாமல் அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

பழி எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாம் நோயைத் தேடுகிறோம். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டன் தன் படைவீரர்களைப் பால்வினை நோயிலிருந்து காப்பாற்றத் தொற்றுநோய்ச் சட்டங்களைக் கொண்டு வந்தது. இந்தியாவிலும் நீரிணைக் குடியேற்றங்களிலும் அதே மாதிரிச் சட்டங்கள். பாலியல் தொழில் செய்கிறாள் என்று சந்தேகிக்கப்பட்ட பெண்ணைப் பிடித்து வந்து சோதிக்கலாம், நோய் இருந்தால் அடைத்து வைக்கலாம். அவளிடம் போன சிப்பாயை அந்தச் சட்டம் தொடவில்லை. பாதிக் கிருமியைச் சிறையில் போட்டுவிட்டுப் பாதியை லீவில் அனுப்பி வைத்தார்கள். ஜோசஃபைன் பட்லர் போன்றவர்கள் பல வருடம் போராடிய பிறகு, 1886இல் பிரிட்டனில் அந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன.

நூறு வருடம் கழித்து, 1986இல், சென்னை. நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எச்.ஐ.வி. இந்தியாவுக்கு வந்துவிட்டதா என்று தேடினார்கள். காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தை வேலூருக்கு ரயிலில் கொண்டு போய்ச் சோதித்தார்கள். ஆறு பெண்களுக்குத் தொற்று இருந்தது. 'நம் பண்பாட்டில் இது வராது' என்ற நம்பிக்கை அன்று உடைந்தது. அந்த இரண்டு பெண்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் செய்தியைக் கேட்ட சமூகம் என்ன கேட்டது? அந்த ஆறு பேருக்கு அதைக் கொடுத்த ஆண்கள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள் என்று கேட்கவில்லை. விடை பின்னால் சுனிதி சாலமனின் கிளினிக்குக்கே வந்தது. 1993இல் அவர் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்துக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறொருவரை அறியாதவர்கள். இவர்களுடைய வினை என்ன? திருமணம் செய்துகொண்டதா?

இந்த இடத்தில் எங்கள் பேராக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கோலகங்சாரில், மாவட்ட நில அலுவலகத்துக்குப் பக்கத்தில், வேலி போட்டு ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் இங்கே நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது. அந்தக் கன்றுகளின் வழியில் வந்த தோட்டங்களுக்காகத்தான் எங்கள் பாட்டன் பூட்டன்மார் கப்பல் ஏறினார்கள். விடியற்காலையில் உளியோடு போய் மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் காண்டா போட்டு ஸ்டோருக்குத் தூக்கினார்கள். அந்தப் பாலிலிருந்து டயர் வந்தது, கையுறை வந்தது, ஆணுறையும் வந்தது. உலகத்திலேயே அதிக ஆணுறை செய்யும் கம்பெனி இன்றும் மலேசியக் கம்பெனிதான், காரெக்ஸ். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் அதன் தொழிற்சாலைகள் சில நாள் மூடப்பட்டபோது, உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வரும் என்ற அளவுக்குச் செய்தியானது.

கண்ணாடி அச்சை லேடெக்ஸில் முக்கி எடுத்து, உலர்த்தி, பதப்படுத்தி, ஒவ்வொன்றையும் மின்சாரம் வைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை எடுத்துத் தண்ணீர் நிரப்பியும் சோதிக்கிறார்கள். இவ்வளவு சோதனைகளைத் தாண்டி வந்த சாமானை ஈப்போ மருந்துக்கடையில் வாங்கும் பையன், கவுண்டரில் இருக்கும் அக்காவின் கண்ணைப் பார்க்காமல், வேண்டாத இருமல் மருந்தும் இரண்டு மிட்டாயும் சேர்த்து வைத்துக் காசு நீட்டுகிறான். பால் மரம் வெட்டியே வளர்ந்த சமூகத்தின் பேரப்பிள்ளை அவன். ரப்பரில் எண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டுவிடும் என்பது தோட்டத்தில் கிழவிகளுக்கும் தெரியும். லேடெக்ஸ் ஆணுறையோடு தேங்காய் எண்ணெயோ வாசலினோ சேர்க்கக்கூடாது என்பது அதே அறிவுதான். அதை அவனுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. ஈப்போ பழைய நகரத்தில் 'வைப்பாட்டிச் சந்து' என்ற பெயரிலேயே ஒரு தெரு இருக்கிறது. ஈயச் சுரங்க முதலாளிகள் வைப்பாட்டிகளைக் குடி வைத்த இடம் என்று கதை. சனி ஞாயிறுகளில் குடும்பம் குடும்பமாகப் போய் அங்கே ஐஸ் சாப்பிட்டுப் படம் பிடித்துக்கொள்கிறோம். பழைய காமத்தைச் சுற்றிப் பார்க்க நமக்குக் கூச்சமே இல்லை.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த சம்பவம். 2018 டிசம்பர், தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டம். சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகை இருந்த ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் இருபது வயதை ஒட்டிய ஓர் இளைஞர். சிவகாசி அரசு மருத்துவமனையில் உறவினருக்காகக் கொடுத்தது. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த மருத்துவப் பரிசோதனையில்தான் தனக்குத் தொற்று இருப்பது அவருக்குத் தெரிய வந்தது. தெரிந்ததும் என்ன செய்தார்? தான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தானே போய் மருத்துவமனைக்குச் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அவர் ரத்தம் கொடுத்தபோதே தொற்று தெரிந்திருந்தது, தகவல் அவரிடம் போய்ச் சேரவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. டிசம்பர் முடிவதற்குள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் மதுரையில் குழந்தை பிறந்தது. முறையான மருந்து கொடுக்கப்பட்டு, குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது பின்னால் உறுதியானது.

இந்தச் சங்கிலியில் யார் தப்பு செய்தார்கள்? ரத்தத்தைச் சரியாகச் சோதிக்காதது அமைப்பின் தப்பு. நான் பொறியாளன். எங்கள் துறையில் எந்திரம் பழுதானால் முதலில் கேட்பது 'எந்த இடத்தில் தடுத்திருக்கலாம்' என்றுதான். 'யாரைத் திட்டலாம்' என்று தொடங்கினால் அடுத்த முறை பழுதை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். சாத்தூர் சம்பவத்தில் தடுக்க வேண்டிய கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. ஒரே ஓர் ஆள் கடைசிக் கதவை மூட ஓடினார். அவர்தான் செத்துப் போனார். வள்ளுவர் வாய்மைக்கு வைக்கும் முதல் அளவுகோல் பிறருக்குத் தீங்கில்லாமை. அந்த அளவில் பார்த்தால் அந்த டிசம்பரில் வாய்மையோடு நடந்தவர் அந்த இளைஞர்தான். உண்மையைச் சொன்ன பிறகு அவர் போய் நிற்க ஓர் இடத்தை நாம் வைத்திருக்கவில்லை.

சொல்ல வேண்டிய கடமை உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். தனக்குத் தொற்று இருக்கிறது என்று தெரிந்தவர் தன்னோடு படுக்கையைப் பகிர்பவரிடம் அதைச் சொல்ல வேண்டும், அல்லது அவருக்குத் தொற்றாதபடி நடந்துகொள்ள வேண்டும். இந்தக் கடமையின் எல்லையைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 1998இல் ஒரு தீர்ப்பு சொன்னது. சென்னையில் ரத்தம் கொடுக்கப் போன ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை மருத்துவமனை வெளியே சொல்லிவிட, அவர் கல்யாணம் நின்றுபோனது. வழக்குப் போட்டார். மணமகளின் உயிர் நோயாளியின் ரகசியத்தைவிடப் பெரிது என்றது நீதிமன்றம். அதோடு நிற்காமல், அப்படிப்பட்டவருக்குத் திருமணம் செய்யும் உரிமையே நிறுத்தி வைக்கப்பட்டது என்றும் சொன்னது. அந்த இரண்டாவது பகுதி தேவையில்லாதது என்று 2002இல் அதே நீதிமன்றம் பின்வாங்கியது. 2017இன் எச்.ஐ.வி. சட்டம் இன்னும் நிதானமானது. மருத்துவர் முதலில் நோயாளிக்கே ஆலோசனை சொல்ல வேண்டும். துணைக்கு உண்மையான ஆபத்து இருந்து, நோயாளி சொல்லவும் மாட்டார் என்றால்தான் மருத்துவர் சொல்லலாம். சொன்னால் அடி உதை விழும் என்று பயப்படக் காரணம் இருந்தால், முக்கியமாகப் பெண்களின் விஷயத்தில், சொல்லக்கூடாது.

கடைசி விதிவிலக்கில்தான் முழு விஷயமும் இருக்கிறது. உண்மை சொல்லும் கடமையை ஒருவரிடம் எதிர்பார்க்கும் சமூகம், உண்மை சொன்னால் அவர் வீட்டிலும் வேலையிலும் உயிரோடும் இருக்க முடியும் என்று உறுதி தர வேண்டும். இரண்டும் ஒரே கடமையின் இரண்டு கைகள். ஒரு கையை மட்டும் நீட்டி "சொல்லு" என்று மிரட்டினால், யார் சொல்லுவார்? சோதித்துக்கொள்ளவே போக மாட்டார். தெரியாமல் இருப்பவருக்குச் சொல்லும் கடமையும் இல்லையே.

"வெட்கமும் போயிட்டா அப்புறம் ஒழுக்கம் எப்படி இருக்கும்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேலி செய்ய வேண்டிய கேள்வி இல்லை இது. லயத்தில் நெருக்கியடித்து வாழ்ந்த மக்களுக்கு வெட்கம் ஒரு சுவராக இருந்திருக்கிறது. மனைவியை ஏமாற்றுவது தப்பு, பொய் சொல்வது தப்பு, சம்மதம் இல்லாமல் தொடுவது பெரிய தப்பு. இவற்றை வினை என்று தாராளமாகச் சொல்லுங்கள், சேர்ந்து சொல்கிறேன். ஆனால் இந்தத் தப்புகளைச் செய்த பலருக்கு எந்த நோயும் வருவதில்லை. செய்யாத பலருக்கு வருகிறது. ஆகவே நோயை வைத்துத் தப்பைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முயன்றால் அகப்படுவது பெரும்பாலும் ஏமாந்தவர்தான்.

வெட்கத்தை ஒதுக்கி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. மலேசிய அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் சோதிக்கிறார்கள். பதிவுக்குப் போகும் பெண்ணிடம் "நீ எப்படிப்பட்டவ" என்று யாரும் கேட்பதில்லை. சர்க்கரை, ரத்த அளவு மாதிரி அதுவும் ஒரு ட்யூப். தொற்று இருந்தால் உடனே மருந்து. இப்படியே இருபது வருடம் செய்ததில், 2018 அக்டோபரில், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் போவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு. சாத்தூர் சம்பவத்துக்கு இரண்டே மாதம் முன்னால். எல்லோரையும் சோதிக்கும்போது யாரும் குற்றவாளி இல்லை. ஒருவர் தனியாக, தானாக, வரிசையில் வந்து நின்று கேட்க வேண்டியிருக்கும்போதுதான் அந்தக் கேள்வியே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. சிறிய ஊர்களில் இது இன்னும் கஷ்டம். கவுண்டரில் நம்பர் கொடுப்பவர் பக்கத்துத் தாமானில் இருக்கும் அத்தையாகவே இருப்பார். சுங்கை சிப்புட் நண்பன் ஒருவன் சோதனைக்காக பஸ் ஏறிக் கோலாலம்பூர் போய் வந்தான். "ரத்தம் எடுக்க பயமில்லடா, நம்ம ஆளுங்க பார்த்துடுவாங்கன்னுதான் பயம்" என்றான்.

அதனால், தெரிந்திருக்க வேண்டியதை இங்கேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989இலிருந்து இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த அண்ணன் அக்காமார் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி.க்கு 2010இலிருந்து பள்ளியில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஊசி உண்டு. "இப்பவே எதுக்கு இந்த ஊசி" என்று கையெழுத்துப் போடாமல் விடும் பெற்றோரிடம் அது புற்றுநோய்த் தடுப்பூசி என்று எடுத்துச் சொல்லுங்கள். ஆணுறை எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியாவை நன்றாகத் தடுக்கும். தோலோடு தோல் பட்டுப் பரவும் ஹெர்பீஸ், எச்.பி.வி., சிபிலிஸ் விஷயத்தில் ஆபத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது. எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று பயந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டும், தடுப்பு மருந்து இருக்கிறது. தொற்றிய மறுநாள் எடுத்த சோதனை எதையும் காட்டாது. சில வாரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நீடித்தால், உடலுறவின் மூலம் அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. கொனோரியாவோ கிளமிடியாவோ என்றால் துணைக்கும் சேர்த்து மருந்து, இல்லையென்றால் கிருமி இருவருக்கும் நடுவில் போய்ப் போய் வரும்.

இன்னொன்று, கல்யாணத்துக்கு முன்னால் நாம் ஜாதகம் பார்க்கிறோம். பத்துப் பொருத்தத்தில் யோனிப் பொருத்தம் என்று ஒன்று உண்டு. தாத்தா, பெரியம்மா எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க ஜோசியர் சத்தமாகச் சொல்லுவார், "யோனிப் பொருத்தம் உத்தமம்." ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. அந்தச் சொல்லைச் சபையில் சொல்ல முடிந்த குடும்பம், இருவரும் சேர்ந்து ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போய் வாருங்கள் என்பதையும் சொல்லிப் பழகலாம். சந்தேகப்பட்டு இல்லை. கர்ப்பிணிகளுக்குச் செய்கிற மாதிரி, எல்லோருக்கும், ஒரே மாதிரி. முடிவு எப்படி வந்தாலும் ஓடிப்போகாமல் உட்கார்ந்து பேசுவோம் என்ற வாக்கோடு.